கம்பளத்தின் அடியில் கம்பளி: ஒரு நிகழ்வு ஆய்வு

தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த ஹட்டன் பக்கத்திலிருந்து எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி, "துரை பங்களாவிலிருந்து வந்த பாரசீகக் கம்பளம்" என்றுதான் தொடங்கும். துரை என்றால் தோட்டத்தை நடத்திய அதிகாரி. கண்டியில் பழந்துணி சேர்க்கும் ஒருவனை வீட்டுக்கு இழுக்க அதைவிட நல்ல தூண்டில் இல்லை. போய்ப் பார்த்தால் பெரும்பாலும் இயந்திரத்தில் நெய்த சரக்காக இருக்கும். அடிப்பக்கத்தைப் புரட்டினால் சணல் பல்லை இளிக்கும். கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன்.

கடந்த ஆடியில் வந்த அழைப்பும் அதே மாதிரிதான் தொடங்கியது. ஆனால் கம்பளத்தைப் பார்க்கப் போனவன், அதன் அடியில் தைத்திருந்த கம்பளியைப் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டு சொற்களுக்கும் இடையில் ஈற்றில்தான் வித்தியாசம். ஒன்று ஹோலில் விரிந்து கிடந்தது. மற்றது மழையில் தலையில் கிடந்தது.

வந்த பொருள்

உரிமையாளர் ஹட்டன் நகரில் சில்லறைக் கடை வைத்திருப்பவர். ஐம்பதை ஒட்டிய வயது. அவருடைய தாய்வழித் தாத்தா வட்டவளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பங்களா அப்புவாக, அதாவது சமையற்காரராக, இருந்தவர். 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டபோது அந்தப் பங்களாத் துரை ஊருக்குப் புறப்பட்டார். அப்புவுக்குக் கொடுக்கவேண்டிய சம்பள பாக்கிக்கு ஈடாக, ஹோலில் கிடந்த கம்பளத்தைச் சுருட்டிக் கொடுத்துவிட்டுப் போனாராம். குடும்பத்தில் சொல்லப்படும் கதை இது. சம்பளத்துக்குப் பதில் கம்பளம் வாங்கி வந்த மனிதர் அதை எங்கே விரிப்பார்? ஒன்பதடிக்கு ஆறடி. லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீட்டில் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும் காம்பிராவில், அதாவது ஒற்றை அறையில், அதை விரித்தால் நடக்க இடமிருக்காது. ஆகவே அது பரணில் ஏறியது. கல்யாணத்துக்கும் சடங்குக்கும் இறங்கும். முடிந்ததும் மறுபடி ஏறும். பின்னர் குடும்பம் நகரத்தில் வீடு கட்டியபோது கூடவே வந்தது.

"சேர், இதே மாதிரி ஒன்று இணையத்தில் முப்பது இலட்சம் போட்டிருக்கிறார்கள்" என்றார் அவர், நான் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே. பக்கத்து அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்த அவருடைய தாயார் எதுவும் சொல்லவில்லை. எழுபத்தெட்டு வயது. முப்பத்திரண்டு வருடம் கொழுந்து பறித்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது.

கம்பளம்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் விடை அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது.

ஆழ்ந்த சிவப்புத் தளம். வரிசை வரிசையாக எண்கோணப் பூக்கள். துர்க்மேனியர்களின் தேக்கே பிரிவினர் தங்கள் கம்பளங்களில் இடும் 'குல்' எனப்படும் சின்னம். கடைக்காரர்கள் இதைப் 'புகாரா' என்பார்கள். புகாரா இவை நெய்யப்பட்ட ஊரல்ல, விற்கப்பட்ட சந்தை. எனவே 'பாரசீகம்' என்ற குடும்பக் கதை முதல் பார்வையிலேயே போய்விட்டது. அடுத்த கேள்வி, இது துர்க்மேனியர்கள் நெய்ததா, அல்லது அவர்களுடைய கோலத்தைப் பார்த்து வேறு யாராவது நெய்ததா என்பது.

அதற்கு மேற்பரப்பைப் பார்த்துப் பயனில்லை. ஓரத்துத் தொங்கலைப் பார்க்கவேண்டும், ஏனென்றால் தொங்கல் என்பது பாவு நூலின், அதாவது தறியில் நெடுக்கே ஓடும் நூலின், நுனிதான். ஓர் இழையைக் கத்தரித்துத் தீயில் காட்டினேன். சட்டென்று பிடித்து, கடதாசி எரியும் வாசனையோடு சாம்பலானது. பருத்தி. மேற்பரப்பிலிருந்து எடுத்த இழை மயிர் பொசுங்கும் நாற்றத்தோடு சுருண்டு, கரிய மணியாக உருண்டு தானே அணைந்தது. அது ஆட்டு உரோமம். பழைய தேக்கே கம்பளத்தில் பாவும் குறுக்கே ஓடும் ஊடையும் மேற்பரப்பின் முடிச்சும் எல்லாம் உரோமம்தான். நாடோடிகளிடம் இருந்தது ஆடு, பருத்தி வயல் அல்ல. பருத்திப் பாவில் உரோம முடிச்சுப் போட்டுப் புகாராக் கோலத்தை நெய்தது லாகூர், கராச்சிப் பக்கத்துப் பட்டறைகள். பிரிவினைக்குப் பிறகு, 1950களிலிருந்து, அவை உலகமெங்கும் போயின. முதுகுப்பக்கத்தில் அளவுகோல் வைத்து எண்ணினேன்: குறுக்கே அங்குலத்துக்கு ஒன்பது, நெடுக்கே பதினாறு. சதுர அங்குலத்துக்கு 144 முடிச்சு. கையால் நெய்ததுதான், நல்ல வேலைதான். ஆனால் பழம்பொருள் அல்ல.

சாயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஈரமான வெள்ளைத் துணியைப் பத்து நிமிடம் அழுத்தி வைத்தபோது சிவப்பு லேசாக இறங்கியது. 'சாயம் கரைந்தால் செயற்கை, கரையாவிட்டால் இயற்கை' என்று வியாபாரிகள் சொல்லும் விதி பாதிதான் சரி. வேர்ச்சாயத்தின் சிவப்பைத் தரும் அலிசரினை ஜெர்மனியில் 1868இலேயே ஆய்வுகூடத்தில் செய்துவிட்டார்கள்; அந்தச் செயற்கைச் சாயமும் எளிதில் கரையாது. ஆகவே கரையாத சிவப்பைக் கண்டு மகிழ்ந்துவிடக் கூடாது. இங்கே கரைந்ததால் முடிவு எளிதாயிற்று.

உரிமையாளரிடம் சொன்னேன். அவருடைய முகம் எப்படி மாறியது என்பதை விவரிக்கவேண்டியதில்லை.

நான் செய்த பிழை

கம்பளத்தின் முதுகை முழுதாகப் பார்ப்பதற்கு ஒரு தடை இருந்தது. நடுப்பகுதியில் சாம்பலும் கரும்பழுப்புமான தடித்த துணி ஒன்று அடிவிரிப்பாகத் தைக்கப்பட்டிருந்தது. கம்பளம் வழுக்காமலிருக்கவும் சிமெந்துத் தரையின் குளிர் ஏறாமலிருக்கவும் பங்களாக்களில் எதையாவது இப்படி அடியில் போடுவது வழக்கம். அந்த அசட்டையில், படம் எடுக்காமலே, கத்தரிக்கோல் நுனியால் ஒரு விளிம்பில் ஓரடி நீளத்துக்குத் தையலைப் பிரித்துவிட்டேன்.

பிரித்த பிறகுதான் கையிலிருந்த துணி என்ன சொல்கிறது என்று பார்த்தேன். பத்தொன்பது வருடமாக இந்த வேலையைச் செய்கிறவன். புதியவர்களுக்கு 'முதலில் படம், பிறகு கை' என்று வகுப்பெடுத்தவன். அந்த ஓரடித் தையல் எப்படிப் போயிருந்தது, நூல் எத்தனை புரி, இடையில் முடிச்சு இருந்ததா என்பதற்கெல்லாம் இப்போது என்னிடம் சான்று இல்லை. மிச்சத் தையலை முறைப்படி எண்ணிட்டுப் படமெடுத்தேன். சாக்குத் தைக்கும் சணல் நூல், கோணியூசித் துளை, ஓட்டுத் தையல். விரல் வலிக்க வலிக்க யாரோ ஒருவர் உட்கார்ந்து தைத்தது.

அடிவிரிப்பு

அது ஒரே துணியல்ல. நான்கு துண்டுகளை ஒட்டுப் போட்டது.

மூன்று துண்டுகள் ஒரே இனம். சாம்பல் நிறம், ஆலை நெசவு, தொட்டால் சொரசொரப்பு, இழுத்தால் எளிதில் கிழிகிற தளர்ச்சி. ஒன்றின் ஓரத்தில் மங்கிய சிவப்புக் கோடு. ஒரு சிட்டிகை நாரை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன். தூரத்தில் சாம்பலாகத் தெரிந்தது உள்ளே தீபாவளியாக இருந்தது: நீலம், காவி, பச்சை, கருஞ்சிவப்பு, இடையிடையே வெள்ளை. நார்கள் எல்லாம் குட்டை; நுனிகள் கத்தரித்தவை போல இல்லாமல் துடைப்பம் போலச் சிதைந்திருந்தன. கிழிந்த உரோம உடைகளைப் பற்சக்கரத்தில் கொடுத்துப் பிய்த்து, கிடைத்த நாரை மறுபடி நூற்று நெய்த துணி இது. இங்கிலாந்தின் யோர்க்‌ஷயரில் பேட்லி என்ற ஊரில் பெஞ்சமின் லோ என்பவர் 1813இல் தொடங்கிவைத்த தொழில். 'ஷோடி' என்று பெயர். பழைய அங்கி, படைவீரனின் மேற்சட்டை, வீட்டுத் திரைச்சீலை எல்லாம் அதில் கலந்திருக்கும். பல நிறம் ஒன்றாக அரைபட்டால் சாம்பல்தான் மிஞ்சும். மலிவான போர்வைகளுக்கு அந்தச் சாம்பல் நிறம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்திராதவர்கள் இனி யோசிக்கலாம்.

நான்காவது துண்டு முற்றிலும் வேறு. கரும்பழுப்பு, சாயமேயில்லை, ஆட்டின் சொந்த நிறம். இழை ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் போகிறது. கையால் நூற்றது. நெசவு இறுக்கம். நடுவில் இரண்டு கீற்றுகளைச் சேர்த்துத் தைத்த பழைய மூட்டு. அந்தத் தையல் அடிவிரிப்புக்காகப் போட்டதல்ல, துணி பிறந்தபோதே போட்டது. தறியின் அகலம் போதாதபோது இரண்டு கீற்றை நெய்து மூட்டுவார்கள். தென்னிந்தியாவில் ஆடு மேய்க்கும் குறும்பர்கள் தங்கள் மந்தையின் உரோமத்தைப் பெண்கள் நூற்க, ஆண்கள் குழித்தறியில் நெய்யும் கம்பளியின் அமைப்பு இது. பாவு நூலுக்குப் புளியங்கொட்டைப் பசை பூசி விறைப்பேற்றுவார்கள். உரோமத்தின் கொழுப்பும் அந்த இறுக்கமும் சேர்ந்து மழையை உள்ளே விடாமல் வழிந்தோட வைக்கும். உள்ளே இறங்கும் ஈரத்தையும் உரோமம் தன் எடையில் ஏறத்தாழ 30 வீதம்வரை குடித்துக்கொள்ளும். தொட்டால் ஈரம் தெரியாது.

இந்தத் துண்டில்தான் விஷயம் இருந்தது. ஓர் இடத்தில், இரண்டு அங்குல அகலத்திலும் ஒன்பது அங்குல நீளத்திலும், மேல்மயிர் முழுவதும் சிரைத்தது போலத் தேய்ந்து நெசவுக் கட்டம் வெளியே தெரிந்தது. இரு ஓரங்களிலும் படிப்படியாக மறையும் தேய்வு. காலடியில் தேய்ந்தது என்றால் இப்படிக் கோடாகத் தேயாது. அதுவும் கம்பளத்தின் அடியில் இருந்த துணியில். மடிப்புத் தேய்வு என்றால் மெல்லிய கோடாக இருக்கும், பட்டையாக இராது. அரை மணி நேரம் அதைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தாயார் சொன்னது

"தம்பி, அதைக் கொண்டு வாருங்கள்."

கட்டிலிலிருந்து வந்த குரல். கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் முதலில் முகர்ந்தார். பிறகு துண்டை நீளவாக்கில் இரண்டாக மடித்து, தலையில் நெற்றிக்கு மேல் வைத்தார். கை தானாகப் பின்னால் போய், இல்லாத கயிற்றைப் பிடித்து இழுத்து உச்சந்தலையில் நிறுத்தியது. தேய்ந்த பட்டை சரியாக அந்தக் கயிறு நிற்கும் இடத்தில் இருந்தது.

கூடைக் கயிறு! கொழுந்துக் கூடை முதுகில் தொங்கும். அதன் பாரம் முழுவதையும் தலையில் போட்ட கயிறு தாங்கும். கயிறு மண்டையை அறுக்காமலிருக்கக் கம்பளியை மடித்து அடியில் வைப்பார்கள். மிச்சம் தோளையும் முதுகையும் மூடி மழைக்குக் காவலாகும். நான் பழைய புகைப்படங்களில் நூறு முறை பார்த்த காட்சி. ஆனாலும் துணியைக் கையில் வைத்திருந்தபோது எனக்கு அது தோன்றவில்லை. அவருக்கு நினைக்கவே வேண்டியிருக்கவில்லை.

துண்டு யாருடையது என்று கேட்டேன். எனக்கு ஒரு கதை வேண்டியிருந்தது. 'எங்கள் அம்மாவுடையது' என்று சொல்லிவிடுவார் என்று உள்ளூர எதிர்பார்த்தேன். "அதை எப்படிச் சொல்வது? எங்கள் லயத்தில் பத்துக் காம்பிராவிலும் இதுதான் கிடந்தது" என்றார். பிறகு இரண்டு வகையையும் தொட்டுக் காட்டி, கறுப்பு (கரும்பழுப்பை அவர் அப்படித்தான் சொன்னார்) அக்கரையான இந்தியாவிலிருந்து வந்தது, சாம்பல் தோட்டத்தில் கொடுத்தது என்றார். சாம்பல் மழையில் நனைந்தால் மாவுமூட்டையாகக் கனக்குமாம்; காய மூன்று நாளாகுமாம்; வட்டவளையில் வெயிலுக்கு மூன்று நாள் எங்கே போவது? கறுப்பை வைத்திருந்த பெண்கள் அதை இரவல் கொடுக்க மாட்டார்களாம்.

சிறிய வட்ட ஓட்டைகள் சிலவற்றைக் காட்டினேன். ஓரம் கருகி இறுகியிருந்தன. பூச்சியா என்றேன். சிரித்தார். இரவில் அடுப்புப் பக்கத்தில் போர்த்திப் படுப்பார்கள். விறகு வெடித்தால் பொறி தெறிக்கும். உரோமம் என்பதால் பற்றிக்கொள்ளாமல் பொசுங்கி நிற்கும். பகலில் மழைச்சட்டை, இரவில் போர்வை, பிரசவத்துக்கு விரிப்பு, கிழிந்த பிறகு பிள்ளைத் தொட்டிலுக்கு அடி.

கிழிந்த கம்பளி பங்களாவுக்கு எப்படிப் போனது? "நாய்க்கு விரிக்க வாங்குவார்கள்" என்றார். அவர் அதைக் கசப்பாகச் சொல்லவில்லை. இடத்தைச் சொல்வது போலச் சொன்னார்.

காலம்

அடிவிரிப்பின் கீழ்ப்புறம் முழுவதும் சிவப்பு மெழுகு பிடித்திருந்தது. சிமெந்துத் தரைக்குச் சிவப்புப் பாலிஷ் பூசித் தேங்காய் மட்டையால் தேய்த்துப் பளபளப்பாக்கும் பங்களா வழக்கத்தின் மிச்சம். மெழுகு சணல் நூலின் மேலும் படிந்திருந்தது; நூலுக்கு அடியில் மெழுகில்லை. ஆகவே தைத்த பிறகுதான் அந்தத் தரையில் விரித்திருக்கிறார்கள். கம்பளம் 1950களுக்கு முந்தியதல்ல. பங்களாவை விட்டு வெளியேறியது 1975இல். ஒட்டுப் போட்டது அந்த இடைவெளிக்குள். கம்பளித் துண்டுகள் அதற்கு முன்பே ஒரு வாழ்நாள் உழைத்தவை. மேலே கிடந்த 'பழம்பொருளை'விட அடியில் கிடந்த கந்தலுக்கு வயது அதிகம்.

கம்பளி எப்படி லயத்துக்கு வந்தது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. கோப்பிக் காலத்திலிருந்தே தோட்டம் தொழிலாளிக்கு அரிசியும் கம்பளியும் கொடுத்தது. இனாமாக அல்ல, கடன் கணக்கில் எழுதிக்கொண்டு. ஊரிலிருந்து புறப்படும்போதே, ஆள் சேர்த்து அழைத்துவரும் கங்காணியிடம் தொடங்கும் கடனில் கம்பளியின் விலையும் சேரும். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போவதானால் அந்தக் கடன் தொகையை எழுதிய 'துண்டு' கூடவே போகும். புதிய தோட்டம் அதைக் கட்டி ஆளை எடுக்கும். 1921இல் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது. துணிக்கும் கடன் சீட்டுக்கும் ஒரே சொல் அமைந்துவிட்டது தமிழின் தற்செயல்தான். இருந்தாலும் என் பதிவேட்டில் 'கம்பளித் துண்டு 4' என்று எழுதியபோது பேனா கொஞ்சம் தயங்கியது.

லட்சக்கணக்கில் கொடுக்கப்பட்ட ஒரு பொருள் ஏன் இன்று கண்ணில் படுவதில்லை? கந்தலாகும்வரை உழைத்தது முதல் காரணம். 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்துக்குப் பிறகு மலையகத் தமிழரில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதாக இரு அரசுகளும் கணக்குப் போட்டன; பிரிவழுகையால் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர்பெற்ற ரயிலில் தலைமன்னாருக்குப் போனவர்களின் டிரங்குப் பெட்டிகளில் எத்தனையோ போயிருக்கும். பின்னர் பொலித்தீனும் படங்குச் சாக்கும் வந்து கம்பளியின் இடத்தைப் பிடித்தன. இதையெல்லாம் மீறி எஞ்சியதைக்கூட யாரும் சேர்க்கவில்லை என்பதை நான் என்னையும் சேர்த்தே சொல்கிறேன். என் அலமாரியில் சோழமண்டலக் கரையின் சாயத்துணி இருக்கிறது, கண்டிக்கு அருகே நெய்யும் தும்பறைப் பாய் இருக்கிறது. தும்பறை நெசவை 2021இல் யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தபோது நண்பர்களுக்கு இனிப்புக் கொடுத்தேன். அதே மலைகளில் ஒன்றரை நூற்றாண்டு உழைத்த கம்பளியில் ஒரு முழம்கூட என்னிடம் இருந்ததில்லை. தேடியதும் இல்லை. கம்பளைப் பக்கத்தில் பழைய லயமொன்றையே தொழிலாளர் அருங்காட்சியகமாக்கி, கூடையும் பாத்திரமும் ஆவணமும் சேர்த்துவைத்தவர்களுக்கு இந்தப் புத்தி எனக்கு முன்பே இருந்திருக்கிறது.

பாதுகாப்பு

கம்பளத்துக்கு அதிக வேலையில்லை. முதுகுப்பக்கம் தட்டி, மென்மையாக உறிஞ்சித் தூசெடுத்து, நிழலில் உலர்த்தினோம். சவர்க்காரத் தண்ணீர் வேண்டாம், சிவப்பு இறங்கும் என்று எச்சரித்தேன்.

கம்பளித் துண்டுகளில் அந்துப்பூச்சியின் புழுக்கூடுகள் இருந்தன. உரோமத்தின் புரதத்தைத் தின்பது பூச்சியல்ல, அதன் புழு. பறப்பதை அடித்துக் கொன்று பயனில்லை. பூச்சிமருந்து அடித்தால் நாளைக்கு இந்தத் துணியை யாராவது ஆய்வு செய்ய விரும்பும்போது அதுவே தடையாகும். குளிரே நல்ல மருந்து. துண்டுகளைக் காற்று நீக்கிய பொலித்தீன் பைகளில் கட்டி, மறை 18 பாகை செல்சியஸ் உறைகுளிரில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்து, பை வெளிப்புறம் வேர்த்து முடியும்வரை பிரிக்காமல் காத்திருந்து, மறுபடி ஒரு சுற்று வைத்தோம். மலைநாட்டில் அருங்காட்சியகக் குளிரறைக்கு எங்கே போவது? உரிமையாளரின் கடையில் ஐஸ்கிறீம் பெட்டி இருந்தது. ஒரு மாதம் அவர் ஐஸ்கிறீம் விற்கவில்லை. முப்பது இலட்சம் போன துக்கத்தில் இருந்த மனிதர் இதற்குச் சம்மதித்தது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

நான்காவது துண்டைச் சிறிது ஈரப்பதத்தில் வைத்துச் சுருக்கம் நீக்கி, கழுவிய வெள்ளைப் பருத்தித் துணியில் சுருட்டினேன். கழுவவில்லை. மெழுகும் கருகலும் புகைவாசனையும் அதன் சாட்சியங்கள்.

முடிவு

கம்பளம் இப்போது அவர்களுடைய புதிய ஹோலில் விரிந்திருக்கிறது. நான் சொன்ன விலை அவர் நினைத்ததில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை என்பதால் விற்கவில்லை. சாம்பல் துண்டுகள் மூன்றையும் எழுத்துமூல இரவலாக எனக்குத் தந்தார்கள். கறுப்பைத் தாயார் தரவில்லை. நானும் இரண்டாம் முறை கேட்கவில்லை. அளவு, படம், நார் மாதிரி எல்லாம் என்னிடம் இருக்கின்றன.

பாதுகாப்பு வேலை முடிந்து கறுப்பைத் திரும்பக் கொடுக்கப் போன அன்று, நான் பிரித்த ஓரம் நூல் நூலாக உதிரத் தொடங்கியிருந்ததைத் தாயார் உடனே கண்டுவிட்டார். "யார் பிய்த்தது?" என்றார். நான்தான் என்றேன். ஊசி கேட்டார். பழந்துணியில் புதுத் தையல் கூடாது என்பது இந்தத் துறையின் முதல் பாடம். கடையில் கோணியூசியும் சணல் நூலும் இருந்தன. மகன் கொண்டுவந்து கொடுத்தார். வெளிச்சத்துக்காக வாசற்படியில் உட்கார்ந்து, கண்ணாடியில்லாமல், விரலால் விளிம்பைத் தடவித் தடவித் தைத்தார்.

இம்முறை முதலில் படமெடுத்தேன். பதிவேட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: 'இடது விளிம்பு, பிற்காலத் தையல், சணல் நூல் இரு புரி, ஓட்டுத் தையல், பதினேழு குத்து. தைத்தவர்: உரிமையாளரின் தாயார். பிரித்தவர்: பதிவாளர்.'